4100 யார் வைத்த முகவரி?



இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 8085 நுண்செயலிக் கிட்டில் கைவைத்திருப்பீர்கள். பாலிடெக்னிக்கில் படித்தவர்களும் சரி, பொறியியல் கல்லூரியில் படித்தவர்களும் சரி, அந்த ஆய்வகத்தைத் தாண்டாமல் வெளியே வந்திருக்க முடியாது. ரெக்கார்டு நோட்டில் எழுதி வந்த நிரலைக் கிட்டின் விசைகளில் தட்டுவோம். 4100 என்று முகவரி கொடுத்து ஒவ்வொரு பைட்டாக ஏற்றுவோம். ஓட்டிவிட்டு 4500-ல் போய் விடையைப் பார்ப்போம். ஐந்தும் மூன்றும் எட்டு என்று காட்டினால் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், அடுத்த சோதனைக்குப் போவோம்.

நான் கேட்க வந்தது ஒரே கேள்வி. ஏன் 4100? ஏன் 0000 இல்லை? 4100 என்ற எண்ணை 8085 சிப் கேட்டதா? இன்டெல் கேட்டதா? பாடத்திட்டம் கேட்டதா?

யாரும் கேட்கவில்லை. 8085 ரீசெட் ஆனதும் முகவரி 0000-லிருந்துதான் தன் முதல் கட்டளையைப் படிக்கும். அது சிப்பின் இயல்பு. ஆகவே மின்சாரம் போனாலும் அழியாத ரோம் அங்கே இருந்தாக வேண்டும். நாம் எழுதி அழிக்கும் ரேம் அதற்கு மேலே எங்காவது தொடங்கலாம். அந்த ‘எங்காவது’ எங்கே என்று ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார். கிட்டை வடிவமைத்தவர் அவர். அவர் போட்ட நான்கைந்து கம்பிகளால்தான் ரேம் அங்கே வந்தது. வேறு விதமாகப் போட்டிருந்தால் நாம் எல்லோரும் 8000 என்றோ 2000 என்றோ ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்போம்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த முடிவைப் பற்றித்தான். பிரெட்போர்டில் கம்பி குத்தி, 1970-களின் பாணியில் ஒரு முழுக் கணினியை நாமே கட்டுவது என்றால், அப்படிப்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக நம் கைக்குக் கொண்டுவருவது. பழைய பொருள் மேல் உள்ள ஆசையால் இதைச் செய்பவர்கள் உண்டு. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இதைக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த ஆசை இல்லை.

கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். 1974 ஜூலையில் ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஜோனதன் டைட்டஸ் என்பவர் மார்க்-8 என்ற கணினியை வீட்டிலேயே செய்துகொள்ளும் திட்டத்தை வெளியிட்டார். அதில் இருந்தது இன்டெலின் 8008 சிப். ஆறு மாதம் கழித்து, 1975 ஜனவரியில், பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகரத்தில் எட் ராபர்ட்ஸ் நடத்திய எம்ஐடிஎஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. பாகங்களாக வரும், நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். அடிப்படை நினைவகம் 256 பைட். விசைப்பலகையும் திரையும் கிடையாது. முகப்பில் இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி நிரலை ஏற்ற வேண்டும், விளக்குகளைப் பார்த்து விடையைப் படிக்க வேண்டும்.

அந்த ஆல்டேரைச் சுற்றித்தான் 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்சின் கார் கொட்டகையில் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. ஃபிரெஞ்சும் ஃபிரெட் மூரும் சேர்ந்து கூட்டிய கூட்டம். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் பள்ளிப் பருவத்திலிருந்தே மினி கணினிகளின் கையேடுகளைத் தேடிப் படித்து, அதே கணினியை இன்னும் குறைந்த சிப்புகளில் எப்படிக் கட்டலாம் என்று தாளில் வரைந்து பார்த்தவர். வரைந்ததைக் கட்டிப் பார்க்கக் காசு இல்லை. 1971-ல் நண்பர் பில் ஃபெர்னாண்டஸுடன் சேர்ந்து, நுண்செயலி எதுவும் இல்லாமல், சாதாரண லாஜிக் சிப்புகளாலேயே 256 பைட் நினைவகம் கொண்ட ஒரு சிறு கணினியை அவர் கட்டியிருந்தார். வேலை நடந்தபோது குடித்த பானத்தின் பெயரால் அதற்குக் கிரீம் சோடா கம்ப்யூட்டர் என்று பெயர். கிளப்பின் முதல் கூட்டத்தில் ஒரு நுண்செயலியின் தரவுத்தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய வாஸ்னியாக், தான் தாளில் இத்தனை ஆண்டுகள் வரைந்து வந்ததன் நடுப்பகுதி முழுவதும் இந்த ஒரு சிப்புக்குள் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். பின்னாளில் ஆப்பிள் 1 என்று பெயர் பெற்ற கணினியின் வரைவு அன்றிரவே தொடங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் எந்தச் சிப்பில் கட்டுவது? இன்டெல் 8080 வெளிவந்தபோது அதன் விலை 360 டாலர். அந்தச் சிக்கலைத் தீர்த்தது 1975 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சி. சக் பெடில் தலைமையில் எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனத்தார் 6502 என்ற சிப்பை அங்கே கொண்டுவந்தார்கள். விலை 25 டாலர். கண்காட்சித் தளத்தில் நேரடியாக விற்கக் கூடாது என்றதும் பக்கத்து ஓட்டல் அறையில் வைத்து விற்றார்கள். கண்ணாடிச் சாடி நிறையச் சிப்புகள் இருந்ததைப் பார்த்து, உற்பத்தி பெருகிவிட்டது என்று வந்தவர்கள் நம்பினார்கள். சாடியின் மேல்பகுதியில் இருந்தவைதான் வேலை செய்பவை என்று பெடில் பின்னர் சொன்னார். வாஸ்னியாக் அங்கே வாங்கினார்.

ஆப்பிள் 1-க்கு அவர் எழுதிய மானிட்டர் நிரல் 256 பைட்டுக்குள் அடங்கியது. நினைவகத்தின் எந்த இடத்தையும் பார்க்கலாம், மாற்றலாம், அங்கிருந்து ஓட்டலாம். அதற்காக எழுதிய பேசிக் மொழியைக் கணினியில் தட்டி மொழிபெயர்க்க அவரிடம் வசதி இல்லாததால், ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணைத் தாளில் கையாலேயே எழுதினார். இதை நான் சொல்வது அவருடைய மேதைமையைப் புகழ மட்டும் இல்லை. அந்தக் கணினியில் அவருக்குத் தெரியாத ஒரு பைட்டும் இல்லை, அவருக்குத் தெரியாத ஒரு கம்பியும் இல்லை. 6502-ன் உள்ளே இருப்பவை சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். 2020-ல் அதே ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சிப்பில் 1,600 கோடி. எம்1-ஐ முழுதாக அறிந்த தனி மனிதர் எவரும் உலகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. 6502-ஐ இன்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி முழுதாக அறிய முடியும். ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி பலகைக்கு வருவோம். கையால் கணினி கட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. அந்தக் காலத்தில் வயர் ராப் செய்தார்கள். சதுரக் கம்பத்தில் மெல்லிய கம்பியை இறுக்கிச் சுற்றினால், கம்பத்தின் கூர்முனை கம்பிக்குள் பதிந்து, ஈயம் இல்லாமலேயே உறுதியான இணைப்பு கிடைக்கும். நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் வழிகாட்டிக் கணினிக்குள்ளே கூட இந்த முறை இருந்தது. நம் ஊரில் டாட் போர்டு என்று கேட்டு வாங்கும் துளைப்பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது இன்னொரு வழி. ஆனால் கற்பவருக்கு ஏற்றது சால்டரிங் தேவைப்படாத பிரெட்போர்டு. இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு 1971-ல் இ அண்டு எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரொனால்டு போர்ச்சுகல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். ஐந்து துளைகளுக்கு அடியில் ஒரே உலோகக் கவ்வி. நடுவே ஒரு பள்ளம், சிப் அதன் இருபுறமும் கால் வைத்து உட்காரும். தப்பு என்று தெரிந்தால் கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம்.

மலிவான பலகை வாங்காதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். அதன் கவ்விகள் சீக்கிரம் தளர்ந்துவிடும், தளர்ந்த கவ்வியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சில நீளப் பலகைகளில் ஓரத்து மின் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும், அதை மல்டிமீட்டரில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சிப்பின் மின்காலுக்கும் ஒட்டினாற்போல 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். கணினியில் பல கோடுகள் ஒரே கணத்தில் மாறும்போது சிப் திடீரென்று மின்னோட்டத்தைக் கேட்கும். நீண்ட பலகைக் கம்பி வழியே அது வந்து சேர்வதற்குள் தாகம் கடந்துவிடும், வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருப்பது போல அந்தக் கெப்பாசிட்டர் உடனே கொடுக்கும்.

எந்தச் சிப்பில் கட்டலாம்? 6502-ன் இன்றைய வடிவமான 65சி02 இன்னும் புதிதாகவே உற்பத்தியாகிறது. முதல் 6502-ஐ வடிவமைத்த குழுவில் இருந்த பில் மென்ஷ் தொடங்கிய வெஸ்டர்ன் டிசைன் சென்டர் அதை விற்கிறது. 6502-ன் சமகாலத்து இசட்80-க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1976-ல் வந்த அந்தச் சிப்பின் தனி வடிவத்துக்கு 2024-ல் கடைசி ஆர்டர்களை வாங்கிக்கொண்டு சிலாக் நிறுவனம் நிறுத்திவிட்டது. 65சி02-ஐ நான் பரிந்துரைக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. பழைய 6502-ன் கடிகாரத் துடிப்பை நிறுத்தினால் அது உள்ளே வைத்திருந்த எண்களை இழந்துவிடும். 65சி02-ஐ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். அழுத்துபொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு துடிப்பு. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பில் ஓடக்கூடிய இயந்திரத்தை நம் விரலின் வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு அடியிலும் அது என்ன செய்கிறது என்று விளக்குகளில் படிக்கலாம். புத்தகத்தில் டைமிங் டயகிராம் என்று மனப்பாடம் செய்த படம் அப்போது கண்ணெதிரே நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. 65சி02-ன் முதல் கால் ஒரு வெளியீடு. பழைய 6502-ல் அதே கால் தரை இணைப்பு. பழைய படத்தைப் பார்த்து அதைத் தரையோடு சேர்த்தால், சிப் ஒரு வெளியீட்டைத் தரையோடு மோதவிட்டுச் சூடாகும். தரவுத்தாளை முதல் வரியிலிருந்து படிக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

முதல் நாள் ரோமும் வேண்டாம், ரேமும் வேண்டாம். செயலியை மட்டும் பலகையில் வையுங்கள். ஐந்து வோல்ட் கொடுங்கள். தரவுக் கோடுகள் எட்டையும் தடைகள் வழியாக 11101010 என்ற வடிவில் கட்டிவிடுங்கள்: ஒன்று வரும் இடத்தை ஐந்து வோல்ட்டுக்கு, பூஜ்யம் வரும் இடத்தைத் தரைக்கு. 6502-ன் மொழியில் அந்த எண்ணுக்கு ‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ’ என்று பொருள். இப்போது செயலி எந்த முகவரியைக் கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும். முகவரிக் கோடுகளில் எல்இடிகளை வைத்து, கடிகாரத்தை மெதுவாக ஓட்டி, ரீசெட்டை விடுங்கள். ஏழு துடிப்பு அது தன்னைத் தயார் செய்துகொள்ளும். பிறகு முகவரி வரிசையின் உச்சிக்குப் போகும். 65,536 முகவரிகளில் கடைசி நான்கில் முதல் இரண்டைப் படிக்கும். ‘நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?’ என்று கேட்கும் இடம் அது. அங்கேயும் நம் எண்தான் இரண்டு தடவை கிடைக்கும். இரண்டையும் சேர்த்து, பதின்ம எண்ணில் 60138 என்ற முகவரிக்குத் தாவி, அங்கிருந்து இரண்டு துடிப்புக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கும். எல்இடிகளில் இரும எண்கள் ஏறுவதைக் காண்பீர்கள். இதற்கு நிரல் எதுவும் எழுதவில்லை, சில தடைகளும் கம்பிகளும்தான். ஆனாலும் அதற்குள் ஒரு கணினியின் இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையைப் பார்க்காத மாணவருக்கு ‘புரோகிராம் கவுண்டர்’ என்பது ஒரு சொல் மட்டுமே.

பெரும்பாலோருக்கு முதல் முயற்சியில் எல்இடிகள் ஏறாது. தாறுமாறாக மின்னும். பலகைக்கு மேலே கையை நீட்டினால் மின்னும் விதம் மாறும். காரணம் அநேகமாக ஒன்றுதான்: எங்கும் இணைக்காமல் விட்ட ஓர் உள்ளீட்டுக் கால். குறுக்கீட்டுக் கால்கள், செயலியைக் காத்திருக்கச் சொல்லும் கால், முகவரிக் கோடுகளைத் திறந்து மூடும் கால் ஆகியவற்றை நாம் பயன்படுத்தாவிட்டாலும் ஒரு தடை வழியாக ஐந்து வோல்ட்டில் கட்டியாக வேண்டும். சிமாஸ் சிப்பின் உள்ளீடு மிகச் சிறிய மின்னூட்டத்துக்கும் அசையும். கட்டாமல் விட்டால் அது பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை. நம் உடம்பின் அருகாமை கூட அதற்கு ஒரு கட்டளை ஆகிவிடும். ‘பயன்படுத்தாத காலை அப்படியே விட்டுவிடலாம்’ என்று நினைப்பவருக்கு இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு வேகமாகச் சொல்லித் தராது.

அடுத்துத்தான் நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். யாரை எந்த முகவரியில் வைப்பது?

6502-க்கு இதில் சில பிடிவாதங்கள் உண்டு. முதல் 256 முகவரிகளை அது தனிச் சலுகையோடு வேகமாக அணுகும். அடுத்த 256-ஐத் தன் ஸ்டேக்குக்கு வைத்துக்கொள்ளும். ஆகவே அடியில் ரேம் இருந்தாக வேண்டும். தொடங்கும் இடத்தை உச்சியில் தேடுவதால் அங்கே ரோம் இருந்தாக வேண்டும். 8085-க்கு நேர் எதிர், பார்த்தீர்களா? அங்கே அடியில் ரோம், மேலே ரேம். இரண்டு சிப்புகளை வடிவமைத்தவர்கள் இரண்டு விதமாக முடிவு செய்தார்கள். அடிக்கும் உச்சிக்கும் இடையில் இருக்கும் மீதி நிலம் முழுவதும் உங்களுடையது.

பதினாறு முகவரிக் கோடுகளில் மேல்கோடு ஏ15. அது ஒன்றாக இருந்தால் மேல் பாதி, பூஜ்யமாக இருந்தால் கீழ்ப் பாதி. 32 கிலோபைட் கொள்ளளவு உள்ள 28சி256 ரோமை மேல் பாதியில் வைக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்தால், ஏ15-ஐத் தலைகீழாக்கி ரோமின் தேர்வுக் காலில் கொடுத்தால் போதும். ரேமுக்கு 62256. வெளியுலகத்தோடு பேச 65சி22 என்ற சிப், அதைப் பதினறும எண்ணில் 6000 என்ற இடத்தில் வைக்கலாம். இத்தனைக்கும் தேவைப்படுவது 74எச்சி00 என்ற ஒரே சிப். அதில் நான்கு நேண்ட் கேட்கள் இருக்கின்றன, மூன்று போதும். முதலாமாண்டில் உண்மை அட்டவணை போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்த நேண்ட் கேட், இங்கே ஒரு கணினியின் நில வரைபடத்தைத் தீர்மானிக்கிறது.

ரேமின் தேர்வுக் கோட்டில் மட்டும் கடிகாரத்தையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பின் முதல் பாதியில் செயலி முகவரியை மாற்றிக்கொண்டிருக்கும். கோடுகள் எல்லாம் ஒரே கணத்தில் நிலைக்கு வருவதில்லை. அந்த இடைவெளியில் எழுதும் சைகை செயலில் இருந்தால், வழியில் தென்பட்ட வேறு ஏதோ முகவரியில் குப்பை விழும். நிரல் பல நிமிடம் ஓடிவிட்டுக் காரணமே இல்லாமல் நிற்கும். துடிப்பின் இரண்டாம் பாதியில் மட்டுமே ரேம் கண் திறக்கும்படி செய்தால் சரியாகிவிடும். ‘நேரம்’ என்பதும் சுற்றில் ஓர் உள்ளீடு என்று நான் இந்த இடத்தில் நின்று சொல்வேன். மாணவர்கள் இதில் ஒரு முழு வகுப்பு செலவழித்தாலும் வீண் இல்லை.

முதல் நிரல் பத்தே பைட். 65சி22-ன் எட்டுக் கால்களையும் வெளியீடாக மாற்று, பிறகு 01010101 என்று அதில் எழுது. எட்டு எல்இடிகளில் ஒன்று விட்டு ஒன்று எரியும். அந்தப் பத்து பைட்டை ரோமில் எழுதும்போது ஒரு நுட்பமான இடம் வரும். செயலிக்கு ரோமின் முதல் இடம் பதினறும எண்ணில் 8000. ரோமுக்கோ அது தன்னுடைய பூஜ்யமாவது இடம். தொடங்கும் முகவரியை வைக்க வேண்டிய இடம், பதின்ம எண்ணில் சொன்னால், செயலியின் கணக்கில் 65532, ரோமின் கணக்கில் 32764. மேல்கோடு ஏ15 தேர்வுக்குப் போய்விட்டதால் ரோம் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். இங்கே தடுமாறாத மாணவரை நான் பார்த்ததில்லை, இதைத் தாண்டியவர் பிறகு ‘விர்ச்சுவல் மெமரி’ என்று கேட்டால் பயப்படுவதும் இல்லை.

இதற்கு மேல் எழுத்துத் திரை, விசைப்பலகை, தொடர் இணைப்பு, வாஸ்னியாக்கின் அந்த 256 பைட் மானிட்டர், பேசிக் மொழி என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் இந்தக் கட்டுமானத்தை ஒவ்வொரு கம்பியாகக் காணொளிகளில் விளக்கியிருக்கிறார். நுண்செயலியே இல்லாமல் லாஜிக் சிப்புகளில் எட்டு பிட் கணினி கட்டும் அவருடைய முந்தைய தொடர், நம் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த மால்வினோவின் பாடப்புத்தகத்தில் உள்ள எஸ்ஏபி கணினியை அடியொற்றியது. அந்தப் புத்தகத்தைத் தேர்வுக்காகப் படித்த எத்தனையோ பேரில் எத்தனை பேர் அதைக் கட்டிப் பார்த்தோம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘இதையெல்லாம் சிமுலேட்டரிலேயே செய்யலாமே, கம்பி எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள சிமுலேட்டர் போதும். ஆனால் சிமுலேட்டரில் தளர்ந்த கவ்வி கிடையாது, மிதக்கும் கால் கிடையாது. ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

1981-ல் பிரிட்டனின் பிபிசி, மக்களுக்குக் கணினி கற்பிக்கும் தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு கணினியைத் தேடியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்துக்குச் சில நாள் அவகாசம் கிடைத்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 6502 அடிப்படையில் சுற்றை வரைந்தார்கள். கம்பி சுற்றுவதில் கைவேகத்துக்குப் பெயர் பெற்ற ராம் பானர்ஜி முன்மாதிரியை வயர் ராப் செய்தார். பிபிசி வரும் நாள் விடிந்தும் அது ஓடவில்லை. சோதனைக் கருவியோடு இணைத்திருந்த கம்பியை வெட்டிப் பாருங்கள் என்று நிறுவனத்தின் ஹெர்மன் ஹவுசர் சொன்னார். வெட்டினார்கள், ஓடியது. பிபிசி மைக்ரோ அப்படித்தான் பிறந்தது. பிரிட்டனின் ஒரு தலைமுறை அதில்தான் கணினி கற்றது.

அதே இருவர் 1983-ல் அரிசோனாவுக்குப் போய் வெஸ்டர்ன் டிசைன் சென்டரைப் பார்த்தார்கள். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது ஒரு வீட்டில் சிறு குழு ஒன்று செயலி வடிவமைத்துக்கொண்டிருந்ததை. ‘இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும்’ என்ற துணிவோடு திரும்பி ஏஆர்எம் செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. சோதனைப் பலகையில் சிப்புக்கு மின் இணைப்பே போகவில்லை. உள்ளீட்டுக் கால்களில் வந்த சைகைகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. இன்று உங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் இருப்பது அந்தச் செயலியின் வாரிசு.

இந்தக் கசிவை நீங்கள் உங்கள் பிரெட்போர்டிலேயே பார்க்கலாம். சிமாஸ் சிப்பின் மின்காலை இணைக்க மறந்துவிட்டால் அது செத்துக் கிடக்காது. உள்ளீட்டுக் கால்களின் பாதுகாப்பு டயோடுகள் வழியே மின்சாரத்தைத் திருடி அரைகுறையாக வேலை செய்யும். சில எண்களுக்குச் சரியான விடை, சில எண்களுக்குத் தப்பு. இப்படி ஒரு கோளாறைத் தேடிக் கண்டுபிடித்தவர், ஃபர்பர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஏன் வியந்தார் என்பதை உடனே உணர்வார். எந்த சிமுலேட்டரும் மின்சாரம் இல்லாமல் ஓடாது.

கடைசியாக, ஆசிரியர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 65சி02 வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் நம் பாடத்திட்டத்தில் இருக்கும் 8085-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 8085, 74373, 74138, ஒரு ரோம், ஒரு 6264 ரேம், ஒரு 8255: எல்லாம் மாணவர்கள் தேர்வுக்குப் படம் வரைந்து படிக்கும் சிப்புகள், ரிச்சி தெருவில் கேட்டு வாங்கக் கூடியவை. 8085-க்கு ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளை 00. தரவுக் கோடுகளையே முகவரிக்கும் பயன்படுத்தும் சிப் என்பதால் நேராகத் தரையில் கட்டாமல் தடைகள் வழியாகக் கட்டுங்கள். ஆறு மெகாஹெர்ட்ஸ் படிகம் வைத்து ஓட்டினால், ஏ15-ல் வைத்த எல்இடி நொடிக்குப் பதினோரு தடவை மின்னும். ஏன் பதினொன்று என்று மாணவரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 8085-ன் கடிகாரத்தை நிறுத்த முடியாது, ஆனால் ரெடி காலைக் கீழே பிடித்து வைத்தால் அது அந்த இடத்திலேயே காத்திருக்கும். அதை வைத்து அடி அடியாக நடத்தலாம்.

74138 நிலத்தை எட்டுக் கிலோபைட் வீதம் எட்டுத் துண்டாகப் பிரித்துக் கொடுக்கும். அடித்துண்டு ரோமுக்கு. மீதி ஏழில் ரேமை எங்கே வைப்பது என்பதை மாணவரிடமே விடுங்கள். ஒரு குழு ஓரிடத்தில் வைக்கட்டும், அடுத்த குழு வேறிடத்தில் வைக்கட்டும். வாய்மொழித் தேர்வில் கட்டளை எண்களை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ‘ஏன் இங்கே வைத்தாய்?’ என்று கேளுங்கள். ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு ‘இப்போது என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். கிட்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவற்றில் கைவைப்பதற்கு முன் நான்கே நான்கு ஆய்வக வகுப்புகளை இதற்குக் கொடுங்கள். வரும் பருவத்திலேயே தொடங்குங்கள். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் சுற்றுப் படத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.